பேஸ் பெட்டி பிழைச்சால்: சத்தத்தை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

ஏழரைக்குக் கச்சேரி. ஏழு இருபதுக்கு பேஸ் பெட்டி, அதாவது பேஸ் கிற்றாரின் ஸ்பீக்கர் பெட்டி, வாய் திறக்கவில்லை. அந்த நேரம் மேடையில் நிற்கிற ஆளின் கை முதலில் போவது அம்பின் (அம்பிளிபயரின்) சத்தக் குமிழுக்கு. அது சரிவராவிட்டால் ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பெட்டியின் முகத்தைக் கழற்றத் தொடங்குவார். இரண்டையும் நான் செய்திருக்கிறேன். குமிழைக் கடைசி வரை திருகி வைத்த நேரம் பின்னால் நின்ற ஒருவர் தளர்ந்திருந்த பிளக்கை அமத்தினார். முழு வலுவும் ஒரே அடியாக இறங்கி ஒரு ஸ்பீக்கர் போய்விட்டது. இன்னொரு நாள், ஒரு குறையும் இல்லாத பெட்டியைக் கழற்றி இரண்டு ஆணியைத் தொலைத்தேன். அன்று இரவு முழுக்க அந்த ஓட்டைகளால் காற்றுச் சீறிக்கொண்டே இருந்தது.

பேஸ் பெட்டிக்குள் அப்படி என்ன இருக்கிறது? ஒன்று முதல் நாலு ஸ்பீக்கர், சிலதில் எட்டு. கொஞ்ச வயர். பின்னால் ஒரு சொக்கெற் தட்டு. சிலதில் மேல் சுரங்களுக்கென்று ட்வீற்றர் என்ற சின்ன ஸ்பீக்கர் ஒன்றும் அதற்கு ஒரு சின்னச் சுற்றும். மின்சாரத்தில் நேரே கொளுவுகிற எதுவும் இல்லை. பழுதாக அதற்குள் இருக்கிற சாமான் குறைவு. வெளியில் வயர், அம்ப், கரண்ட், சுவர், பலகை என்று நிறைய. ஆகவே தேடுவதும் வெளியிலிருந்து உள்ளே.

பையில் ஐந்து சாமான் போட்டு வையுங்கள்: மலிவான மல்ரிமீற்றர் ஒன்று, 1.5 வோல்ற் பற்றரி ஒன்று, நல்லது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஸ்பீக்கர் வயர் ஒன்று, ரோச் லைற், ஸ்குரூ டிரைவர். ஊதுபத்தியும் தேவைப்படும். அது கோயில் மேடையில் எப்படியும் கிடைக்கும்.

சத்தமே இல்லை

அம்பில் லைற் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பெட்டியைத் தொடாமல் மிக்ஸரில் நிற்பவரிடம் கேளுங்கள்: "அண்ணை, உங்களுக்கு பேஸ் வருதோ?"

அம்பின் டி.ஐ. வெளியீட்டிலிருந்து (மிக்ஸருக்கு நேரே அனுப்புகிற வெளியீடு) அவருக்கு ஒரு வயர் போயிருக்கும். "ஓம், எனக்கு வருது" என்றால் கிற்றார், கிற்றார் வயர், அம்பின் முன்பாதி எல்லாம் சரி. பிழை அம்பின் பின்பாதியிலோ ஸ்பீக்கர் வயரிலோ பெட்டியிலோதான். "இல்லைத் தம்பி" என்றால் பெட்டியை மறந்துவிடுங்கள். சுருதி பார்க்கிற ரியூனர் பெடலை மிதித்த நிலையில் விட்டிருப்பீர்கள் (அது சத்தத்தை வெட்டும்), அல்லது கிற்றாருக்குள் இருக்கிற 9 வோல்ற் பற்றரி செத்திருக்கும். அக்ரிவ் பேஸ்களில் (பற்றரி வைத்த பேஸ் கிற்றார்கள்) வயரைக் கொளுவி வைத்திருக்கும் நேரமெல்லாம் பற்றரி ஓடிக்கொண்டிருக்கும். ஒத்திகை முடிந்து வயரைக் கழற்றாமல் கிற்றாரைச் சாத்தி வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

மிக்ஸரில் வருகிறது, பெட்டியில் இல்லை. இப்போது சத்தத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து அம்பை நிறுத்துங்கள். ஸ்பீக்கொன் பிளக் என்றால் உள்ளே தள்ளி வலப்பக்கம் திருகி, 'டிக்' என்று பூட்டுகிற வரை போக வேண்டும். தள்ளியதோடு நின்றால் பார்வைக்குக் கொளுவியது போல இருக்கும், தொடுப்பு இராது. இருட்டு மேடையில் இதை எத்தனை தரம் கண்டிருக்கிறேன்! அடுத்து, ஹெட்போன் ஓட்டையில் ஏதும் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பல அம்புகளில் அது ஸ்பீக்கரை வெட்டிவிடும். மூன்றாவது ஒரு சின்ன வித்தை. அம்பின் பின்னால் 'சென்ட்', 'ரிற்றேண்' என்று இரண்டு ஓட்டை இருந்தால் ஒரு குட்டி வயரால் இரண்டையும் இணையுங்கள். சத்தம் வந்துவிட்டால், ரிற்றேண் ஓட்டைக்குள் இருக்கிற சின்னத் தொடுப்புத் தகடு கறுத்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். கச்சேரியை அந்தக் குட்டி வயரோடேயே முடிக்கலாம்.

அதற்கும் வரவில்லை என்றால் ஸ்பீக்கர் வயரை மாற்றுங்கள். அதற்கும் வராவிட்டால் மீற்றரை எடுக்கலாம்.

வயரின் ஒரு முனை பெட்டியில் இருக்கட்டும். அம்ப் பக்க முனையைக் கழற்றி அதில் மீற்றரின் இரண்டு கம்பியையும் வையுங்கள். மீற்றர் ஓமில், அதாவது மின்தடை அளக்கிற இடத்தில், மிகக் குறைந்த அளவில் இருக்க வேண்டும். 8 ஓம் என்று எழுதிய பெட்டி 8 காட்டாது. ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் எங்கேயோ நிற்கும். 4 ஓம் பெட்டி மூன்று, மூன்றரை காட்டும். பெட்டியில் எழுதியிருப்பது ஆடலோட்டத்துக்கான கணக்கு, மீற்றர் அளப்பது கம்பிச் சுருளின் வெறும் தடை; அதனால் பயப்பட ஒன்றுமில்லை. மீற்றரின் இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, அதில் வருகிற 0.3 போன்ற அளவைக் கழித்துக்கொண்டால் கணக்குச் சுத்தமாக வரும்.

ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கேயோ அறுந்திருக்கிறது: வயரில், சொக்கெற் தட்டில், அல்லது உள்ளே. பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டினால் எங்கேயோ ஒட்டிப்போயிருக்கிறது. அந்த நிலையில் அம்பைப் போடவே கூடாது.

பத்து அங்குல ஸ்பீக்கர் நாலு உள்ள 8 ஓம் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த மீற்றர் இன்னொன்றும் சொல்லும். வழக்கமாக 6 காட்டுகிற பெட்டி ஒரு நாள் 9 அல்லது 12 காட்டினால், நாலில் ஒன்று இறந்துவிட்டது. 9 என்றால் இறந்தது ஒன்று, மற்ற மூன்றும் வேலை செய்கின்றன. 12 என்றால் இறந்தது ஒன்றுதான், ஆனால் அதே வரிசையில் உள்ள சோடியையும் சேர்த்துப் பேசாமல் ஆக்கியிருக்கிறது. உள்ளே வயர் ஓடியிருக்கும் விதத்தைப் பொறுத்தது அது. பெட்டி நல்லாயிருக்கும்போதே ஒரு தரம் அளந்து, பின்பக்கத்தில் சோக்குக் கட்டியால் எழுதி வையுங்கள்.

சத்தம் விட்டு விட்டு வருகிறது

யாழ்ப்பாணக் கடற்கரையில், குருநகர், பாசையூர்ப் பக்கம் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த உப்புக் காற்றில் சைக்கிள் செயினே நிலைக்காது. பிளக்கின் பித்தளை கறுத்து, சொக்கெற்றின் தகடு இளகிவிடும். தொடுப்புச் சுத்தம் செய்கிற ஸ்பிரே ஒன்று வாங்கி, அடித்து, பிளக்கைப் பத்துத் தரம் செருகி எடுங்கள். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே அதற்குப் பதில் ஆகாது. எண்ணெய் தங்கி, தூசியைப் பிடித்து, இரண்டு மாதத்தில் முன்னையைவிட மோசமாகும்.

சத்தம் இருக்கு, அடி இல்லை

இதுதான் ஆட்களை அதிகம் அலைக்கழிக்கிற பிழை. பெட்டி கத்துகிறது, விரல் தட்டுவது கேட்கிறது, ஆனால் நெஞ்சில் வந்து இடிக்க வேண்டியது இடிக்கவில்லை. உடனே பேஸ் குமிழைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். அந்தக் குமிழை 12 டெசிபெல் ஏற்றினால் அந்தக் கீழ்ச் சுரங்களுக்கு அம்ப் 16 மடங்கு வலுக் கொடுக்க வேண்டும். காது அதைப் பதினாறு மடங்காக எடுத்துக்கொள்ளாது. ஸ்பீக்கர் முழுவதையும் வாங்கும்.

இரண்டு பெட்டி வைத்து வாசிக்கிறீர்கள், அல்லது பெட்டி ஒன்றுதான் ஆனால் கிட்டடியில் ஸ்பீக்கர் திருத்தக் கொடுத்து எடுத்தீர்கள் என்றால், முதல் சந்தேகம் கூட்டல் கழித்தல் மாறிக் கொளுவியது. ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்தால் காற்று இங்கிருந்து அங்கு போய் வரும், அவ்வளவுதான். மேல் சுரங்கள் ஓரளவு தப்பும், அடிச் சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். எனக்கு ஒரு பெட்டி இப்படித் திருத்தப்பட்டு வந்தது. மூன்று கச்சேரி அதோடு வாசித்தேன். அம்பைக் குறை சொன்னேன், தந்தியை மாற்றினேன், பிறகு மண்டபத்தைத் திட்டினேன். கடைசியில் ஒரு பின்னேரம் விறாந்தையில் பெட்டியைக் கிடத்திவிட்டுப் பற்றரியை எடுத்தேன்.

பற்றரிச் சோதனை இப்படி. பெட்டியின் முன் வலையைக் கழற்றுங்கள். ஸ்பீக்கர் வயரைப் பெட்டியில் கொளுவி, மறுமுனையில் 1.5 வோல்ற் பற்றரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். பற்றரியின் கூட்டல் பிளக்கின் கூட்டலில். ஸ்பீக்கொன் என்றால் '1+' என்று எழுதியிருக்கும். ஜாக் பிளக் என்றால் நுனி. 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும், கடதாசிக் கூம்பு ஒரு மயிரளவு வெளியே வரும். எல்லாக் கூம்பும் ஒரே பக்கம் அசைய வேண்டும். என் பெட்டியில் மேலே இருந்தது வெளியே வந்தது, கீழே இருந்தது உள்ளே போனது. இரண்டு வயரைக் கழற்றி மாற்றிப் போட எனக்குப் பிடித்தது ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு திறந்த ஈ தந்தியை, அதாவது ஆகத் தடித்த தந்தியை விரலால் அமத்தாமல், தட்டினேன். குசினிக்குள் இருந்து அம்மா எட்டிப் பார்த்தா.

பழைய ஜே.பி.எல். ஸ்பீக்கர்கள் சிலதில் கூட்டல் வைத்தால் கூம்பு உள்ளே போகும், அவர்கள் செய்த விதம் அப்படி. ஆகவே "வெளியே வந்தால்தான் சரி" என்று பிடிவாதம் பிடிக்காமல், எல்லாம் ஒரே பக்கம் அசைகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

பற்றரிச் சோதனையில் எல்லாம் சரி என்றால் பெட்டியை விட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும். அடிச் சுரம் பெட்டிக்கு முன்னால் மட்டும் போவதில்லை, நாலு பக்கமும் போகும். பின்னால் போனது சுவரில் பட்டுத் திரும்பி வந்து முன்னால் போவதோடு சேரும். ஸ்பீக்கரிலிருந்து சுவருக்கு உள்ள தூரம் ஒரு சுரத்தின் அலை நீளத்தில் காற்பங்காக இருந்தால், திரும்பி வருவது எதிர்மாறாக வந்து அந்தச் சுரத்தையே அழிக்கும். எங்கள் ஊர் வெக்கையில் ஒலி ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 349 மீற்றர் போகும். திறந்த ஜி தந்தி 98 ஹேர்ட்ஸ். கணக்குப் போட்டால் சுமார் 90 சென்ரிமீற்றர். ஸ்பீக்கர் சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி வருகிற மாதிரிப் பெட்டியை வைப்பது எல்லாருக்கும் பழக்கம், பின்னால் ஆள் போய்வர வசதி என்று. ஜி தந்தி அப்படியே மெலிந்து போகிற இடமும் அதுதான். பெட்டியைச் சுவரோடு ஒட்டுங்கள். ஒரு சாண் இடைவெளி போதும். பின்பக்கம் காற்று ஓட்டை உள்ள பெட்டி என்றால் அந்த ஓட்டையை அடைக்காத அளவு.

இன்னொன்று, நிற்கிற இடம். சின்ன மேடையில் பெட்டி முழங்கால் உயரத்தில், நீங்கள் அதற்கு முன்னால் இரண்டடியில். மேல் சுரமெல்லாம் உங்கள் காலுக்குப் பக்கத்தால் போய்விடும், ஈ தந்தியின் அலை மட்டும் எட்டரை மீற்றர் நீளத்தில் உங்களைத் தாண்டிச் சபைக்குப் போகும். உங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று கூட்டுவீர்கள். பத்தாவது வரிசையில் இருக்கிற அப்புவுக்குத் தலை இடிக்கும். நீண்ட வயர் ஒன்று போட்டு, இறங்கிப் போய்ச் சபையில் நின்று ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். பிறகு பெட்டியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, முன் விளிம்பின் கீழ் ஒரு கட்டை வையுங்கள். மேல் சுரம் காதுக்கு வந்துவிடும்.

ஒரு சுரம் மட்டும் ஊதுகிறது

இதற்கும் பெட்டியைக் குறை சொல்லுவார்கள். 14 அடி நீளமான சீமெந்து அறையின் இரண்டு சுவருக்கும் இடையில் ஒலி அலை நின்று ஆடுகிற அளவு கிட்டத்தட்ட 41 ஹேர்ட்ஸ். திறந்த ஈ தந்தியும் 41.2. மேலே பிளேற், கீழே சீமெந்து, சுற்றிவரச் சுவர், ஒத்திகைக்கு இதைவிட மோசமான அறை கிடையாது. ஆனால் எங்களில் முக்கால்வாசிப் பேர் பழகுவது அப்படி ஒரு அறையில்தான். ஓட்டுக்கூரையும் கதவு யன்னலும் திறந்த பழைய வீட்டுத் தலைவாசல் எவ்வளவோ மேல்; அங்கே அடிச் சுரம் வெளியே தப்பிப் போக வழி இருக்கிறது. பத்தடி அறை என்றால் ஊதுகிற இடம் 57 ஹேர்ட்ஸ், ஏ சுரத்துக்கும் ஏ ஷார்ப்புக்கும் நடுவில்.

பெட்டியை மூலையிலிருந்து எடுங்கள். சுவர் இரண்டு சேருகிற மூலை எல்லா ஊதலையும் கூட்டும். சுவரோடு ஒட்டு என்று மேலே சொன்னேன். அது ஒரு சுவரோடு, மூலையில் அல்ல. அறையின் நடுவிலும் வேண்டாம். அதற்குப் பிறகும் ஊதினால், அம்பின் லோ மிட் (நடுச் சுரங்களின் கீழ்ப்பாதி) குமிழைத் தேடாமல், ஊதுகிற சுரத்தின் அலைவரிசையில் மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

மேடையில் ஊதினால் காரணம் வேறு. எண்ணெய் பரல் வைத்து அதன்மேல் பலகை அடித்த மேடை ஒரு பெரிய மேளம். பெட்டியை அதன்மேல் நேரே வைத்தால் பலகையும் சேர்ந்து வாசிக்கும். பழைய மெத்தைத் துண்டு ஒன்று, அல்லது வெறும் சோடாப் பெட்டி இரண்டின் மேல் தூக்கி வைத்தால் பாதி அடங்கும். யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபம் மாதிரி நிரந்தர மேடை என்றால் இந்தத் தொல்லை குறைவு.

கரகரப்பு, பர்ர் சத்தம்

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். மெல்ல வாசித்தாலும் கரகரக்கிறதா, பலமாக வாசித்தால் மட்டுமா? பலமாக வாசிக்கும்போது எல்லாச் சுரத்திலும் கரகரத்தால் அம்ப் அதன் எல்லையைத் தாண்டுகிறது, குறையுங்கள். மெல்ல வாசித்தாலும், ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் வந்தால், ஏதோ ஒன்று அந்தச் சுரத்துக்குச் சேர்ந்து ஆடுகிறது.

ஈ தந்தியில் திறந்த சுரத்திலிருந்து ஒவ்வொரு பிரெட்டாக (கிற்றார் கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பி) மெல்ல ஏறுங்கள். கரகரப்பு வருகிற சுரத்தில் நின்று அதையே வாசித்துக்கொண்டிருங்கள். இன்னொரு ஆள் பெட்டியை ஒவ்வொரு இடமாகக் கையால் அமத்தட்டும். முன் வலை, கைபிடி, சில்லு, மூலைத் தகடு, சொக்கெற் தட்டு. கை வைத்ததும் நின்றால் அதுதான். நான் பிடித்தவற்றில் அதிகம் சில்லுகள்தான். கழற்றிவிடலாம் என்றால் கழற்றிவிடுங்கள்.

ஒரு நாள் நல்லூர்ப் பக்கத்தில் வாசிக்கக் கொண்டுபோன பெட்டி டி சுரத்தில் குடுகுடு என்றது. வலை கழற்றினோம், ஆணி இறுக்கினோம், கூம்பைத் தடவினோம். ஒன்றும் இல்லை. தம்பி ஒருவன் காற்று ஓட்டைக்குள் ரோச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். உள்ளே கச்சான் கோது ஒரு கைப்பிடி, இரண்டு ஐஸ்கிறீம் குச்சி, சுருட்டிய ஒரு லொத்தர் சீட்டு. அதற்கு முதல் நாள் திருவிழாவில் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கு அது குப்பைத் தொட்டியாகத் தெரிந்திருக்கிறது. காற்று ஓட்டைக்கு உட்பக்கமாகக் கம்பி வலைத் துண்டு ஒன்று ஒட்டி வைத்தேன். பல்லிக்கும் எலிக்கும் சேர்த்துத்தான்.

வெளியே ஒன்றும் ஆடவில்லை என்றால் கூம்பு. அம்பை நிறுத்திவிட்டு, இரண்டு கையின் விரல்களையும் கூம்பின் இரண்டு பக்கமும் சமமாக வைத்து மெல்ல உள்ளே அமத்தி விடுங்கள். பட்டுப் போல போய்வர வேண்டும். மணல் உரஞ்சுகிற மாதிரி விரலுக்குத் தெரிந்தால், வொயிஸ் கொயில், அதாவது கூம்பை ஆட்டுகிற கம்பிச் சுருள், காந்தத்தின் இடுக்கில் உரசுகிறது. அது கூம்பு மாற்றுகிற ஆளின் வேலை. கூம்பைச் சுற்றியுள்ள நெளிவு விளிம்பு வெடித்திருந்தால், அல்லது நடுவில் உள்ள மூடி பசை விட்டிருந்தால், ரப்பர்ப் பசையால் நீங்களே ஒட்டலாம். சுப்பர் குளூ வேண்டாம், காய்ந்ததும் கண்ணாடி மாதிரி இறுகி உடையும்.

கரகரப்பு இல்லை, ஆனால் 'உஸ்' என்று காற்றுச் சீறுகிறது என்றால் ஊதுபத்தியைக் கொளுத்துங்கள். ஒருவர் ஈ தந்தியைத் தொடர்ந்து வாசிக்க, மற்றவர் புகையைப் பெட்டியின் மூட்டுக்கள், ஸ்பீக்கரின் விளிம்பு, சொக்கெற் தட்டு எல்லாவற்றுக்கும் அருகால் கொண்டுபோக வேண்டும். புகை துடிக்கிற இடத்தில் ஓட்டை. ஸ்பீக்கர் விளிம்பு என்றால் பழைய சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி அடியில் வைத்து இறுக்குங்கள். பெட்டி மூட்டு என்றால் மரப்பசை.

'ம்ம்ம்' என்று இரைகிறது

பெட்டி தானாக இரையாது. அதற்குள் வருவதைத்தான் அது சொல்லும். எங்கள் கரண்ட் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அந்த இரைச்சலின் சுரம் ஈ தந்தியின் மூன்றாம் பிரெட் ஜி-க்குக் கிட்ட நிற்கும், அது 49. ஆகவே வாசித்துப் பார்த்தே இது கரண்டிலிருந்து வருகிறது என்று பிடிக்கலாம். கிற்றார் வயரை அம்பிலிருந்து கழற்றுங்கள். நின்றுவிட்டால் பிழை கிற்றாரிலோ வயரிலோ. வயரைத் திரும்பக் கொளுவி, உடம்பைத் திருப்பி நின்று பாருங்கள். திரும்பும்போது கூடிக் குறைந்தால், கிற்றாரின் பிக்கப் (தந்தியின் அசைவைப் பிடிக்கிற காந்தச் சுருள்) அருகில் உள்ள லைற், டிரான்ஸ்போமரின் இரைச்சலையும் பிடிக்கிறது.

வயரைக் கழற்றியும் நிற்காவிட்டால், மிக்ஸருக்குப் போகிற டி.ஐ. வயரையும் கழற்றுங்கள். இப்போது நின்றால் அம்பும் மிக்ஸரும் வேறு வேறு இடத்தில் கரண்ட் எடுக்கின்றன. இரண்டுக்கும் வேறு வேறு ஏர்த் வழி. இரண்டையும் ஒரே எக்ஸ்ரென்ஷனுக்குக் கொண்டுவாருங்கள், அல்லது டி.ஐ.யில் 'கிறவுண்ட் லிப்ற்' என்ற சுவிச்சைத் தட்டுங்கள்.

பிளக்கின் ஏர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள். இரைச்சல் நிற்கும், உண்மைதான். ஆனால் அம்பில் ஒரு நாள் ஒழுக்கு வந்தால் அது தேடிப் போகிற வழி உங்கள் கையிலுள்ள தந்தியும், உதட்டில் படுகிற மைக்கும். ஜெனரேற்றர் மேடையில் மைக் உதட்டில் 'சுருக்' என்றால் கச்சேரியை நிறுத்திவிட்டு ஏர்த் கம்பி நிலத்தில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மழை நாளில் ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று வாசிக்கிற ஊர் இது.

அம்ப் சூடேறித் தானாக நிற்கிறது

"பெட்டி எத்தினை ஓம்?" என்று கேட்க, "ஓம் அண்ணை, நல்ல பெட்டி" என்று பதில் சொன்ன தம்பி ஒருவன் இருக்கிறான். அவனுடைய அம்ப்தான் ஒவ்வொரு கச்சேரியிலும் நடுவில் நிற்கும்.

8 ஓம் பெட்டி இரண்டைச் சேர்த்துக் கொளுவினால் அம்புக்கு 4 ஓம். 8 ஒன்றும் 4 ஒன்றும் என்றால் 2.67. 4 ஓம் இரண்டு என்றால் 2. அம்பின் பின்னால் 'குறைந்தது 4 ஓம்' என்று எழுதியிருந்தால் அதற்குக் கீழே போகிற எதுவும் அதைச் சுடும். முதல் பாட்டுக்குத் தாங்கும், ஐந்தாவது பாட்டில் நிற்கும். அம்பிலிருந்து இரண்டு வயர் போடாமல் ஒரு பெட்டியிலிருந்து மற்றதுக்குத் தொடுத்தால் கணக்கு மாறும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். மாறாது. பெட்டியின் பின்னால் உள்ள இரண்டு சொக்கெற்றும் உள்ளே சமாந்தரமாகவே சேர்ந்திருக்கும்.

8-ஐயும் 4-ஐயும் சேர்ப்பதில் இன்னொரு சிக்கல்: 4 ஓம் பெட்டி மற்றதைவிட இரண்டு மடங்கு வலுவை இழுக்கும். 300 வாற் போனால் ஒன்றுக்கு 200, மற்றதுக்கு 100. இரண்டும் பேசும், ஆனால் ஒன்று சாகும்.

ஓம் கணக்குச் சரி என்றால் வயரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அது ஸ்பீக்கர் வயர் இல்லை, கிற்றார் வயர். இரண்டின் பிளக்கும் ஒன்று போலவே இருப்பதால் வருகிற வினை. கிற்றார் வயரின் நடுக் கம்பி நூல் போல மெல்லியது, சுற்றிவர வலை. ஸ்பீக்கர் வயரில் ஒரே தடிப்பில் இரண்டு கம்பி. பிளக்கின் மூடியைத் திருகித் திறந்தால் ஒரு பார்வையில் தெரியும். வால்வு அம்ப் என்றால் இந்த விசயத்தில் இரண்டு மடங்கு கவனம்: பெட்டி கொளுவாமல் அதைப் போடவே கூடாது, வெளியீட்டு டிரான்ஸ்போமர் போய்விடும்.

அடுத்தது வெளிநாட்டுச் சாமான். கனடாவில் இருக்கிற மச்சான் ஆசையாக அனுப்பிய அம்பை நானே நேரே கொளுவினேன். ஒரு 'டப்', ஒரு மணம். அங்கே 120 வோல்ற், இங்கே 230. யப்பான் சாமான் என்றால் 100. பெட்டிக்கு இதில் பயமில்லை, எந்த நாட்டுப் பெட்டியும் இங்கே வேலை செய்யும், அம்புக்குத்தான். பின்னால் 100–240 என்று எழுதியிருந்தால் அப்படியே கொளுவலாம். 115, 230 என்று சுவிச் இருந்தால் மாற்றிவிட்டு, பியூஸையும் 230-க்கு உரியதாக மாற்ற வேண்டும். அது கிட்டத்தட்டப் பாதி அம்பியர். ஒன்றுமே இல்லாவிட்டால் இறக்கு டிரான்ஸ்போமர், அதுவும் அம்பின் தட்டில் எழுதிய வாற் அளவைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாக.

கோயில் வீதியில் நூறு யார் தூரம் தள்ளி இருந்து மெல்லிய எக்ஸ்ரென்ஷன் வயரில் கரண்ட் எடுத்தாலும் அம்ப் நிற்கும். கிக் டிரம் அடிக்க அடிக்க மேடை லைற் மங்குகிறதா? அதுதான். வயர் உருளையில் சுற்றியபடியே இருந்தால் முழுதாக அவிழ்த்து விடுங்கள். சுற்றிய வயர் தன் சூட்டிலேயே உருகும்.

ட்வீற்றர் பிழைகள்

'இஸ்' என்ற இரைச்சல் மட்டும் பெரிதாக இருந்தால் பெட்டியின் பின்னால் உள்ள ட்வீற்றர் குமிழைக் குறையுங்கள். ட்வீற்றரில் ஒன்றுமே வராவிட்டால் உள்ளே காவலுக்கு வைத்த சின்னப் பல்ப் எரிந்திருக்கலாம். கார்க் கடையில் கிடைக்கிற பல்ப் போலவே இருக்கும், ஆனால் அதே வோல்ற்றும் வாற்றும் பார்த்துப் போட வேண்டும். மீற்றரில் ட்வீற்றர் தெரியாது, நடுவில் மின்தேக்கி இருக்கும். பேஸ் வாசிக்க ட்வீற்றர் இல்லாமலும் ஒரு கச்சேரி போகும், யாரும் கேட்கமாட்டார்கள்.

எரிந்த மணம், அல்லது கூம்பு தள்ளியபடி நிற்கிறது

காற்று ஓட்டையால் எரிந்த மணம் வந்தால் வொயிஸ் கொயில் வேகிறது. நிறுத்துங்கள். அம்பைப் போட்டதும் கூம்பு ஒரு பக்கம் தள்ளி, அங்கேயே நின்றால் அம்பின் பின்பாதி செத்து நேரோட்டத்தைப் பெட்டிக்குள் விடுகிறது. பாட்டு முடியட்டும் என்று பார்க்காதீர்கள், பிளக்கை இழுங்கள். வேறு பெட்டி மாற்றிப் பார்ப்போம் என்று இன்னொன்றையும் கொளுவி, இரண்டையும் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

மாரிக்குப் பிறகு பெட்டி மந்தமாகிவிட்டது

ஐப்பசி கார்த்திகை மழையில் கடதாசிக் கூம்பு ஈரம் குடிக்கும். பெட்டியின் அடிப்பலகை அமுக்குப் பலகை என்றால் ஊதி விரியும். பெட்டியை வெறும் சீமெந்தில் வைக்காமல் இரண்டு மரச் சட்டத்தின் மேல், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். கறையான் ஏறினாலும் அந்தச் சட்டத்தில் மண் கோடு தெரியும், பெட்டிக்குப் போக முன் பிடித்துவிடலாம். பொலித்தீன் பையால் இறுக்கிக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய பருத்திச் சேலை போதும். பட்டா லொறியில் ஏற்றும்போது கூம்பு முன்னால் பார்க்க வேண்டாம், மற்றப் பெட்டியின் மூலை குத்தும். முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் அந்தச் சேலையையே மடித்து வைத்துக் கட்டுங்கள். மாரி முடிந்து தை பிறந்ததும் பின் தட்டைக் கழற்றி ஒரு முழு நாள் நிழல் காற்றில் விடுங்கள். மீற்றரை வைத்து, சோக்குக் கட்டியால் எழுதிய பழைய எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.